ஒரே நெஞ்சுக்கு இரண்டு சீட்டு

விசிலை விளையாட்டுக்கு ஊதக் கூடாது. கட்டட வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஒரு நீள விசில் என்றால் தலைக்கு மேல் சுமை சரிகிறது, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்று அர்த்தம். அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற பொறுப்பான உத்தியோகம் என்னுடையது. அதைக் கொடுத்தவர்கள் என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அன்று தேநீர் இடைவேளையில் மொட்டைமாடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மொட்டைமாடி என்பது எங்கள் கிரேன் ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பெயர். தலையில் ஒரு முடி கிடையாது. வேலை நேரம் முழுக்க எங்களுக்கெல்லாம் மேலே, ஐம்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். ஒரு பெயருக்கு இரண்டு காரணம் கிடைத்தால் விடுவோமா? நான் தரையில் நிற்பவன். சுமையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஏத்து, இறக்கு, நிறுத்து என்று வாக்கிடாக்கியில் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். எட்டு வருடமாக நான் அவன் கண், அவன் என் கை.

பூனைபோலப் பின்னால் போய், அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து, மூச்சில் இருந்ததையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

டம்ளர் பறந்தது. தேநீர் முழுக்க என் சட்டையில். நியாயம்தான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. மெல்ல நடந்து போய் சிமெண்ட் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டான்.

“நடிக்காத மச்சான். என் சட்டைதான் போச்சு, உனக்கென்ன?”

“பேசாம இரு மாப்ளே.”

அப்போதுதான் பார்த்தேன். அவன் சட்டைப் பையில் செருகியிருந்த பென்சில் நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குள் ஏதோ சின்ன மிருகம் மாட்டிக்கொண்டு, வெளியே வர உதைப்பதுபோல. அவன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணப் பார்த்தேன். அது ஓடிய வேகத்துக்கு என்னால் எண்களை உச்சரிக்கவே முடியவில்லை.

அவன் மூச்சை இழுத்து அடக்கினான், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான், மறுபடியும் மூச்சை அடக்கினான். கால் மணி நேரம் அப்படியே போனது. பிறகு சட்டென்று, யாரோ சுவிட்சை அணைத்தாற்போல, பென்சில் அசையாமல் நின்றது.

“நின்னுருச்சு,” என்றான். பேருந்து வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

“என்னால வந்ததா மச்சான்?”

“உன்னாலயும் வரும், உன்னால இல்லாமலும் வரும். ரெண்டு வருஷமா இப்படித்தான். சும்மா உக்காந்திருக்கும்போதே திடீர்னு ஓட ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் அதுவா நின்னுரும்.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டினா எழுதுவாரு. எழுதினா எறக்கிடுவாங்க. எறக்கிட்டா நான் யாரு? கேட்டுப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து, வர்ற லாரி நம்பரைக் குறிச்சு வெக்கிறவன். என் பசங்க என்னை அண்ணாந்து பாத்துப் பழகினவங்கடா.”

என் கண் கலங்கியது. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு; இளகிய மனசும் இளித்த வாயும் ஒன்றாகப் பிறந்தவன் நான். “கவலைப்படாத, நான் பாத்துக்கிறேன்,” என்றேன். உலகத்தில் நடந்த பாதி அநியாயத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வேலைத்தளத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை உடல் தகுதிச் சோதனைக்கு ஒரு வேன் வரும். அறுபது பேருக்கு ஒரே காலையில் சோதனை. பெயரெல்லாம் கிடையாது, ஆளுக்கொரு எண் சீட்டு. சிமெண்ட் தூசி அப்பிய முகங்கள் வேனில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே முகம்தான். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வளர்ந்திருந்தது. சர்க்கரை உள்ளவனுக்குச் சர்க்கரை இல்லாதவன் குப்பியை நிரப்பிக் கொடுப்பான். பார்வை மங்கியவன் சீட்டைப் பார்வை உள்ளவன் வாங்கிப் போவான். சுத்தமான சிறுநீர் உள்ளவனுக்கு அந்த ஒரு நாள் எங்களிடம் ராஜ மரியாதை. யாரும் இதைத் தப்பு என்று நினைத்ததில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுப்பதைப்போல, நோயாளிக்கு ஆரோக்கியம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதயத்தைக் கொடுத்துவிட்டேன் என்று காதலிப்பவர்கள் வாயால்தான் சொல்வார்கள். நான் வரிசையில் நின்று கொடுத்தேன். முதலில் என் சீட்டு. பிறகு மொட்டைமாடியின் நீலத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவன் சீட்டு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“நீ இப்பத்தானே வந்துட்டுப் போன?”

“அது என் தம்பி சார். ஒரே வயித்துல பொறந்தோம்.”

அவருக்கு இன்னும் நாற்பது பேர் பாக்கி. ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அழுத்தினார். என் இதயம், பாவம், பொய் சொல்லத் தெரியாமல் ஒழுங்காக அடித்தது. அந்தக் கோடுகள் என் நண்பன் பெயரில் அச்சாகி வெளியே வந்தன. ஒரு வாரத்தில் சான்றிதழ் வந்தது: உயரத்தில் பணிபுரியத் தகுதியானவர்.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தபோது, மொட்டைமாடியின் மனைவி கேட்டுக்கு வெளியே என்னைப் பிடித்துக்கொண்டாள். தையல் நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசிக் காதில் நூல் கோக்கிற கண்; அதிலிருந்து எதையும் மறைப்பது கடினம்.

“அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. போன வாரம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தவரு தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்திருச்சுப் போயிட்டாரு. முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. கேட்டா உப்பு ஜாஸ்திங்கிறாரு. அவர் நெஞ்சுல ஏதாவது இருக்கா?”

“அவன் நெஞ்சுல நீ மட்டும்தான் தங்கச்சி இருக்க. வேற யாருக்கும் அங்க எடம் இல்ல.”

“விளையாடாதீங்கண்ணே. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்குறேன்.”

“எதுக்கு? வேன்ல எல்லாம் எடுத்தாச்சே. பேப்பர் வந்துருச்சு. குதிரை மாதிரி இருக்கான்.”

அவள் முகம் தெளிந்தது. “பேப்பர்லயே வந்துருச்சா? அப்ப சரிண்ணே,” என்று சிரித்துவிட்டுப் போனாள். ஒரு மனிதரின் கவலையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டிய நாட்களின் பட்டியலில் அதற்குத்தான் முதல் இடம்.

எனக்கும் அவனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. நெஞ்சு ஓட ஆரம்பித்தால் வாக்கிடாக்கியில், “காத்து ஏறுது,” என்று சொல்வான். காற்று பலமாக அடித்தால் கிரேனை நிறுத்த வேண்டும் என்பது விதி. நான் உடனே கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்துவேன். பத்து நிமிடம் கழித்து, “காத்து நின்னுருச்சு,” என்பான். வேலை தொடரும்.

ஆரம்பத்தில் மாதம் ஒரு முறை காற்று அடித்தது. பிறகு வாரம் ஒரு முறை. பிறகு இலை கூட அசையாத ஒரு மத்தியானத்தில் மூன்று முறை அடித்தது. பாதுகாப்பு அதிகாரி, நாங்கள் சேஃப்டி சார் என்போம், அண்ணாந்து கிரேன் உச்சியில் இருந்த காற்றுமானியைப் பார்த்தார். காற்றில் சுழல வேண்டிய அதன் கிண்ணங்கள் தூங்கிக்கொண்டிருந்தன.

“என்னய்யா, காத்து அவனுக்கு மட்டும் தனியா அடிக்குதா?”

“மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்து சார்.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சீட்டு மாற்றுகிற கதை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் கோப்பில் எல்லாருடைய சான்றிதழும் வரிசையாக இருந்தது. கோப்பு நோயில்லாமல் இருந்தால் அவருக்குப் போதும். நடையைக் கட்டினார்.

அன்று மாலை நான் மொட்டைமாடியிடம் சொன்னேன். “போதும் மச்சான். டாக்டர்கிட்டப் போயிரலாம்.”

“இந்த மாடி முடியட்டும்.”

கட்டடத்துக்கு மாடிகள் முடிந்தபாடில்லை.

பதினோராவது மாடிக்குக் கம்பிக் கட்டு ஏற்றிய காலை அது. அன்று நான் தரையில் இல்லை, அந்தத் தளத்தின் மேலேயே நின்று சுமையை வாங்கிக்கொண்டிருந்தேன். ஆறு பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டு அவர்கள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்தபோது வாக்கிடாக்கி கரகரத்தது.

“காத்து...”

அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். மறுபாதி வரவில்லை. ஓட்டுநரின் கை பிடியிலிருந்து விலகினால் கிரேன் தானாகவே நின்றுவிடும், நின்றது. ஆனால் நின்ற வேகத்தில் கம்பிக் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பெரிய ஊஞ்சலாக ஆட ஆரம்பித்தது.

ஒரு நீள விசில் ஊதினேன்.

ஒருவரும் ஓடவில்லை. “ஆரம்பிச்சுட்டாருய்யா!” என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கையிலிருந்த கம்பியைக்கூடக் கீழே வைக்காமல் எனக்குக் கும்பிடு போட்டான். ஊதிக்கொண்டே ஓடி அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன். கடைசி ஆளை இழுத்துக்கொண்டு விழுந்தபோது, ஒரு கம்பி கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து, அவன் உட்கார்ந்திருந்த பலகையைத் துளைத்துக் கீழே போனது. பலகையில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தளத்தில் நிற்பது வேறு, எனக்கு ஏணி என்றால் பயம். நாலு படி ஏறினாலே கண்ணை மூடிக்கொள்வேன். அன்று கிரேன் ஏணியில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கூண்டுக்குள் அவன் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தான். முகம் சிமெண்ட் நிறத்தில் இருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

“மாப்ளே, இந்தத் தடவ நிக்க மாட்டேங்குது.”

அவனைக் கயிறு கட்டி இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஆம்புலன்ஸில் அவன் கையை நான் பிடித்திருந்தேன். துடிப்பு ஓடியது, தடுக்கியது, மறுபடியும் ஓடியது. முன்பெல்லாம் வேகமாக இருந்தாலும் ஒரே சீராக இருக்கும். இப்போது அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. அவன் நெஞ்சில் ஒயர்களை ஒட்டியதும் துடிப்பைக் காட்டும் பெட்டி கூச்சலிட ஆரம்பித்தது. திரையில் இருநூறைத் தாண்டி எண்கள் ஏறி இறங்கின.

“முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?”

நான் வாயைத் திறப்பதற்குள், ஆம்புலன்ஸுக்குப் பின்னாலேயே வந்திருந்த சேஃப்டி சார் கோப்பை நீட்டிவிட்டார். “இல்லவே இல்ல டாக்டர். ரொம்ப ஆரோக்கியமான ஆளு. நாலு மாசம் முன்னாடி எடுத்த இ.சி.ஜி. இதுல இருக்கு பாருங்க.”

டாக்டரம்மா அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு முறை, மறுபடியும் ஒரு முறை.

“இது சுத்தமா இருக்கே. நெஞ்சுல பிறவிக் கோளாறு எதுவும் இல்ல,” என்றவர், நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். “வேகத்தைக் குறைக்க அதையே போட்டுரலாம்.”

நர்ஸ் மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்தார். அந்தச் சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் இதயத்தை. மருந்து ஏறப்போவது அவன் இதயத்தில்.

படுக்கையைப் பார்த்தேன். அவனும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பேச முடியவில்லை. தலையை மட்டும் லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் ஆட்டினான். சொல்லாதே.

எட்டு வருடமாக அவன் தலையாட்டலுக்கு மாறாக நான் எதுவும் செய்ததில்லை. சொன்னால் அவனுக்குக் கூண்டு போகும். எனக்கு வேலை போகும். ஒருவேளை சிறையும் வரும். இதையெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நர்ஸ் ஊசியில் மருந்தை இழுக்கிற நேரம்.

“டாக்டர், அது என் நெஞ்சு,” என்றேன்.

“உங்களுக்கும் நெஞ்சு வலியா? வெளியில உக்காருங்க, பாக்குறேன்.”

“வலி இல்லீங்க. அந்தப் பேப்பர்ல இருக்கறது நான்.”

சேஃப்டி சார் என் தோளைப் பிடித்தார். அவர் விரல்கள் அழுத்தின. “இவன் எப்பவும் இப்படித்தான் டாக்டர். எங்க சைட்டுக்கே கோமாளி. எழவு வீட்டுலகூட வேடிக்கை பேசுவான். யோவ், வாய்யா வெளியில.”

டாக்டரம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க நான் சேர்த்து வைத்த நல்ல பெயர் அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு முழுதாகத் திரும்பக் கிடைத்தது. ஊசி அவன் கையை நெருங்கியது.

நான் சட்டையைக் கிழித்தேன். கழற்ற நேரமில்லை, பொத்தான்கள் தரையில் தெறித்தன.

“என் நெஞ்சுல ஒட்டிப் பாருங்கம்மா! அந்தப் பேப்பர்ல இருக்கற அதே கோடு வரும். அவன் சீட்டுல நான்தான் படுத்தேன். அவனுக்கு ரெண்டு வருஷமா வருது. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த ஊசியைப் போடாதீங்க.”

நர்ஸின் கை நின்றது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கீழே போட்டுவிட்டு, பெட்டியிலிருந்து ஓடிவந்த புதிய தாளை எடுத்து, இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

“அதை வெச்சிருங்க சிஸ்டர். ஷாக் மெஷினைக் கொண்டாங்க. எல்லாரும் வெளிய போங்க.”

கதவு சாத்தப்பட்டது. கிழிந்த சட்டையோடு நடைபாதையில் நின்றேன். உள்ளே ஒரு தடவை தடாலென்று சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு தடவை. அதற்குப் பிறகு வந்த அமைதி நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

நல்லதுதான். பிழைத்துக்கொண்டான்.

அவன் இதயத்தில் பிறவியிலேயே மின்சாரம் போகிற வழி ஒன்று கூடுதலாக இருந்ததாம். அந்தக் குறுக்கு வழியில் புகுந்து ஓடும்போதுதான் நெஞ்சு தறிகெட்டு ஓடியதாம். தொடை வழியாக ஒரு மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அந்த வழியைச் சுட்டு அடைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரியாகிவிடுமாம். கிரேனில் மறுபடியும் ஏறலாமா என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டுமாம்.

“அந்த ஊசியைப் போட்டிருந்தா டாக்டர்?” என்று கேட்டேன்.

“போடலையே. அதை விடுங்க,” என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

சேஃப்டி சாரிடம் கேட்டேன், “சார், நான் செஞ்சது தப்பா சரியா?”

“அதெல்லாம் விசாரணைல பேசிக்கலாம்யா. என் பேரை மட்டும் இழுக்காத.”

மொட்டைமாடியிடம் கேட்டேன். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “தூக்கம் வருது மாப்ளே,” என்றான்.

எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. நீ சொன்னதால்தான் அவன் பிழைத்தான் என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், மீதியை நான் சமாளித்துக்கொள்வேன். நடைபாதை பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். தையல் நிலையத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவள். புடவையெல்லாம் நூல் துணுக்கு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“தங்கச்சி, நான் மட்டும் அந்த நேரத்துல வாயைத் திறக்கலன்னா என்ன ஆகியிருக்கும், சொல்லு.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

“செத்திருப்பாரு. அந்தக் கூடுதல் வழி இருக்கற நெஞ்சுக்கு அந்த ஊசி விஷமாம், டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன்.”

நான் தலையை ஆட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

“ஆனா நீங்க காப்பாத்தினீங்கன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. அதைத்தானே கேக்க வந்தீங்க? அன்னிக்கு சைட் வாசல்ல வெச்சு உங்களைக் கேட்டேன். நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன், அவர்கூடச் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இதே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன். இந்த வைத்தியம் அப்பவும் இருந்துச்சாம். வியாதி அவரைக் கொல்லப் பாக்கலண்ணே. அதை மறைச்ச பேப்பருதான் கொல்லப் பாத்துச்சு. மறைச்சுக் கொடுத்தா உதவின்னு நீங்க நெனச்சீங்க. அது அந்த ஆளை அவ்வளவு உசரத்துல வியாதியோட தனியா விட்டுட்டு வர்றது.”

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

“உங்க சைட்டுல இன்னும் எத்தன பேரு அடுத்தவன் சீட்டுல நல்லா இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். போய் சொல்லுங்க. நாளைக்கு அந்தக் கம்பிக்கு அடியில நிக்கப் போறது வேற ஒருத்தி புருஷன்.”